புதுப்பிப்பு: ஸ்டூடியோ நெகட்டிவ் பெட்டிகள்

திருகோணமலையில் பூட்டிக்கிடந்த ஸ்டூடியோ ஒன்றின் நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகப்போகுது என்று போன மாதம் புலம்பினேனே, பெட்டிகள் இப்ப எங்கட விறாந்தையில். திறந்ததும் வினாகிரி மணம். அசிற்றேற் எண்ட பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் சிதையிறபோது வாறது அது. எங்கட வெக்கையும் கடல் ஈரமும் இன்னும் கெதியாக்கும். சுருண்டதுகளைத் தனியே வைச்சிட்டன், இல்லாட்டி மற்றதுகளையும் கெடுக்கும்.

முக்கால்வாசி கல்யாணப் படம். ஆனா ஓர் உறையில் பென்சிலால் ‘கோணேசர் 63’. 1963, இங்க கோணேசர் கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருசம்! நடுவில் யாரோ குடையை விரிச்சு அரைவாசியை மறைச்சிட்டார். இன்னொன்றில் பெரிசாத் தெரியிறது கடைப் பெயர்ப்பலகை; படத்துக்குக் காசு குடுத்தது கடை முதலாளி, எனக்கு வேண்டியதோ ஓரத்தில் தெரியிற தெரு.

ஸ்கான் வேலை அடுத்த கிழமை. அம்மா விறாந்தையைத் திருப்பிக் கேக்கிறா.