பந்து இல்லாத மூலை: மண்டல சக்கர நாற்காலி ரக்பி அனுபவங்கள்

பார்வையாளர் வரிசையிலிருந்து

தேசிய அணிகள் மோதும் சக்கர நாற்காலி ரக்பி மண்டல சாம்பியன்ஷிப் ஒன்றை முதன்முறையாக நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு நாளாகியும் அந்த ஓசை காதை விட்டுப் போகவில்லை. இரும்பும் இரும்பும் மோதும் ஓசை. உட்கார்ந்திருந்த பலகைவரை அதிர்ந்தது. 1970களில் கனடாவின் வின்னிபெக் நகரில் இந்த ஆட்டம் பிறந்தபோது இதை ‘மர்டர்பால்’, அதாவது கொலைப்பந்து, என்றுதான் அழைத்தார்களாம். பெயர்க்காரணம் முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கிவிட்டது.

விளங்காமல் போனது வேறொன்று. பந்து ஒரு கோடியில் இருக்கிறது. மறுகோடியில் ஒருவர் எதிரணிக்காரரை மூலையில் ஒதுக்கி, சக்கரத்தோடு சக்கரம் மாட்டி, அசையாமல் நிற்கிறார். இதென்ன வீண் சண்டை என்று நான் முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், “பந்தை விட்டுவிடுங்கள் தம்பி. பந்து இல்லாதவர்களைப் பாருங்கள்” என்றார். களத்தருகே இருந்தவர்கள் யாரேனும் இருந்தால் விளக்குங்கள்.

நேரக் கணக்கு மேசையிலிருந்து

பெரியவர் சொன்னது சரிதான். எனக்கோ பந்தையும் பார்க்க வாய்க்கவில்லை, மூலையையும் பார்க்க வாய்க்கவில்லை. போட்டி முடியும்வரை கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 8 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து கிடைத்த அணி 12 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 40 விநாடிக்குள் கோல் போட்டாக வேண்டும். பந்தை வைத்திருப்பவர் 10 விநாடிக்குள் அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பந்தோடு இரண்டு சக்கரங்கள் கோல் கோட்டைக் கடந்தால் ஒரு கோல்.

நல்ல அணியின் கையில் பந்து இருந்தால் கோல் ஏறக்குறைய உறுதி. ஆகவே ஓர் ஆட்டத்தில் ஐம்பது கோல் விழுந்தாலும், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை இரண்டு மூன்று பிழைகள்தான். ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஒரு வீராங்கனைக்கு எதிரே யாருமே இல்லை. கோல் பகுதிக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிட்டார். “போ, போ” என்று அரங்கமே கத்துகிறது. அவர் திரும்பித் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். உடனே கோல் போட்டால் எதிரணிக்குப் பதில் கோல் போட நேரம் கிடைத்துவிடும். விநாடிகளைத் தின்று தீர்த்துவிட்டு, மிக நிதானமாக உள்ளே உருண்டு போனார். பொத்தான் மேல் இருந்த என் விரல் மட்டும் வியர்த்துப் போயிருந்தது. 2016 ரியோ பாராலிம்பிக் இறுதி ஆட்டம் இரண்டு கூடுதல் நேரப் பகுதிகள் வரை இழுத்தது. ஆஸ்திரேலியா அமெரிக்காவை 59–58 என்று வென்றது. அன்று அந்த மேசையில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழுது பார்க்கும் மூலையிலிருந்து

நான் ஒரு தேசிய அணிக்கு நாற்காலி பழுது பார்ப்பவன். டியூப் மாற்றுவதும் வளைந்த ஸ்போக்கை நிமிர்த்துவதும்தான் பாதி வேலை.

மூலையில் நடந்தது வீண் சண்டையல்ல என்பதற்கு நாற்காலிகளே சாட்சி. பந்தோடு ஓடுபவர்களின் நாற்காலிக்கு முன்பக்கம் வளைந்து உருண்டிருக்கும், எங்கும் சிக்காமல் நழுவ. தடுப்பவர்களின் நாற்காலியில் முன்னால் நீண்ட பம்பர் இருக்கும். எதிராளியின் நாற்காலியில் கொக்கிபோல் மாட்டி நிறுத்துவதற்கென்றே செய்தது அது. இடிக்கலாம், மறிக்கலாம். ஆனால் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் இடித்து எதிராளியைச் சுழற்றிவிட்டால் தவறு.

முதல் போட்டியில் நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்டக்காரர் நாற்காலியோடு கவிழ்ந்துவிட்டார். நடுவர் கை காட்டியதும் பதறியோடி அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். படுத்தபடியே அவர் சொன்னார்: “என்னை விடு, நாற்காலியைத் தூக்கு. நான் அதோடு வந்துவிடுவேன்.” இடுப்பும் தொடையும் பாதமும் பட்டையால் இறுகக் கட்டியிருக்கும்போது வேறெப்படி வருவார்!

ஆட்டக்காரர்களில் பலருக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் காயம்; உடம்பு சரியாக வியர்க்காது. வியர்க்காவிட்டால் சூடு இறங்காது. இடைவேளையில் அவர்கள் முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளிப்பதும் என் வேலைதான். அதைப் பார்த்து வரிசையில் யாரோ “பாவம்” என்றார்கள். அடுத்த பகுதியில், நான் தண்ணீர் தெளித்த அதே ஆட்டக்காரர் எதிராளியின் டயரை வெடிக்க வைத்தார்; அப்போது யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

0.5 புள்ளி ஆட்டக்காரர்

அந்த மூலையில் நிற்பவர்களில் நானும் ஒருவன். உடலில் எவ்வளவு இயக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி தருவார்கள்; இயக்கம் கூடினால் புள்ளியும் கூடும். களத்தில் இருக்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக் கூடாது. பெண் ஆடினால் கூடுதலாக 0.5 சலுகை உண்டு. என் விரல்கள் மடங்காது. பந்தை முன்கைகளால் அள்ளி மடியில் போட்டுக்கொள்வேன். ஓடி கோல் போடுவது என் வேலையல்ல.

ஒரு முறை போட்டி தொடங்கும் முன் நடந்த பரிசோதனையில் எங்கள் தோழர் ஒருவரின் புள்ளி 1.5இலிருந்து 2 ஆனது. கேட்பவர்களுக்கு அரைப் புள்ளி. எங்களுக்கோ 3, 3, 1.5, 0.5 என்று மாதக்கணக்கில் பழகிய கூட்டணி எட்டரை ஆகிவிட்டது. அன்றிரவு பயிற்சியாளர் தாளில் கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்தத் தோழருக்குப் பதிலாக 1 புள்ளிக்காரர் ஒருவரை இறக்கினோம். புதிதாக வந்தவர் களத்தில் எப்போது நாற்காலியைத் திருப்புவார் என்பது மற்றவர்களுக்குப் பழகவே இரண்டு ஆட்டம் பிடித்தது.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த 40 விநாடி ஒன்று உண்டு. எதிரணியின் 3.5 ஆட்டக்காரர், என்னைப்போல் மூன்று மடங்கு வேகம் உள்ளவர். அவர் திரும்பும் நொடியில் என் பம்பர் அவர் நாற்காலியில் மாட்டியது. முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், தம் மொழியில் ஏதோ சொன்னார். மொழி தெரியாது, பொருள் நன்றாகவே புரிந்தது. நான் விடவில்லை. அவர் இல்லாமல் எதிரணியால் கோல் கோட்டை எட்ட முடியவில்லை. 40 விநாடி முடிந்து பந்து எங்களுக்கு வந்தது. ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் வெளியே வரும்போது அவர் என் நாற்காலியின் பம்பரைக் கையுறையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மீண்டும் பார்வையாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அந்த ஆட்டத்தின் பதிவை மறுபடி ஓடவிட்டு அந்த மூலையைத் தேடினேன். கேமரா பந்தோடு போய்விட்டது. ஓரத்தில் பாதிச் சக்கரம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.