கிழக்குக் கனடா சொகுசுச் சுற்றுலாவில் உங்களுக்கு நேர்ந்தவை

பொருநைக்கரையாள்:

டொரொன்டோவில் தொடங்கி ஹாலிஃபாக்ஸில் முடியும் வழக்கமான பயணம்தான். ஒட்டாவா, மான்ட்ரியால், கியூபெக் நகரம் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டதால் நேராக ஹோப்வெல் பாறைகளுக்கு வருகிறேன். ஃபண்டி விரிகுடாவில் கடலடித் தரையிலேயே நடக்கலாம் என்று கையேட்டில் முழுப்பக்கப் படம் போட்டிருந்தார்கள். அந்த ஒரு படத்துக்காகவே அம்மா பயணத்துக்கு இசைந்தார். நாங்கள் சென்றடைந்தபோது கடல் ஏறிவிட்டிருந்தது. பூந்தொட்டிப் பாறைகள் என்று பெயர்பெற்ற அந்தத் தூண்களின் அடிப்பகுதி முழுவதும் பழுப்பு நீருக்குள் மறைந்து, உச்சியில் மரங்கள் நின்ற பகுதி மட்டும் சிறு சிறு தீவுகளாகத் தெரிந்தது. கீழே இறங்கும் படிக்கட்டை அடைத்திருந்தார்கள். அம்மா அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தண்ணீர் எப்போது வடியும்?" என்று வழிகாட்டியிடம் கேட்டார். ஆறு மணி நேரம் ஆகும் என்றார் அவர். இரவு விருந்துக்கு மாங்டனில் மேசை ஒதுக்கியிருந்ததால் பேருந்து அரை மணியில் கிளம்பிவிட்டது. விருந்தில் குறையொன்றும் இல்லை. அம்மாதான் தட்டைத் தொடவே இல்லை.

கோவை பொறியாளர்:

தங்கள் தாயாரின் ஏமாற்றம் புரிகிறது. ஆயினும் முழுப் பழியையும் நிறுவனத்தின் மீது போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், வற்றும் நேரம் நாள்தோறும் ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். அந்த விரிகுடாவில் நீர் தானாக ஊசலாடி மீளும் காலமும் ஓதத்தின், அதாவது கடல் ஏறி இறங்குவதன், காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டதனால்தான், ஒவ்வோர் ஓதமும் முந்தையதன் விசையோடு சேர்ந்து, விரிகுடாவின் உள்முனையில் 16 மீட்டர் வரை நீர் உயர்கிறது. இத்தகைய கடல் யாருடைய மேசை ஒதுக்கீட்டுக்கும் காத்திராது.

என் அனுபவம் சிறியது. நயாகராவில் அருவியைப் பார்த்த அறை கிடைத்தது. விடியற்காலையில் விழித்துப் பார்த்தபோது, முந்தைய மாலையில் கண்டதைவிட நீர் மெலிந்திருந்தது. கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் வேளைகளில் நொடிக்குக் குறைந்தது 2,832 கனமீட்டர் நீர் அருவியில் விழ வேண்டும். மற்ற வேளைகளில் அதில் பாதி போதும், மிச்சத்தை இரு நாடுகளும் மின்நிலையங்களுக்குத் திருப்பிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குப் பிறகு அருவி மீண்டும் பெருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இனிச் செல்பவர்களுக்குச் சில சொற்கள். பணம் கட்டும் முன்பே ஓத அட்டவணையை எடுத்து, ஹோப்வெல் செல்லும் நாளில் கடல் எப்போது வற்றுகிறது என்று பாருங்கள். வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரம் கீழே நடக்கலாம். இலைகள் சிவக்கும் காட்சி வேண்டுமென்றால் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையுள்ள பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். கியூபெக் நகரில் ஷாட்டோ ஃப்ரோன்ட்னாக் விடுதியில் தங்க வைக்கிறார்கள் என்பதற்காக மட்டும் கூடுதல் கட்டணம் தராதீர்கள். 1893இல் திறந்த அழகிய கட்டடம்தான், ஆனால் அதன் அழகை வெளியே டஃபெரின் நடைமேடையில் நின்று பார்க்கக் கட்டணமில்லை. அந்தப் பணத்தில் மோன்மோரன்சி அருவிக்குத் தனியாகப் போய்வாருங்கள். 83 மீட்டர், நயாகராவைவிட உயரம்.

வைகைச்செல்வி:

ஹாலிஃபாக்ஸில் எங்களுக்கு டைட்டானிக் கல்லறைகளைக் காட்டினார்கள். ஃபேர்வியூ இடுகாட்டில் 121 பேர் கிடக்கிறார்கள். பல கற்களில் பெயரில்லை, 1912 ஏப்ரல் 15 என்ற நாளும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. என்னை இன்றும் விடாமல் பிடித்திருப்பது அதன் பின்னர் கடல்சார் அருங்காட்சியகத்தில் கண்ட ஒரு சோடிக் குழந்தைச் செருப்பு. அதை அணிந்திருந்த, பெயர் தெரியாக் குழந்தை என்று புதைக்கப்பட்டிருந்தவன் சிட்னி குட்வின் என்ற பத்தொன்பது மாதப் பையன் என்பது 2007இல்தான் உறுதியாயிற்று. முதலில் வேறொரு குழந்தையின் பெயரைச் சொல்லியிருந்தார்கள், அந்தப் பிள்ளைக்கு இந்தச் செருப்பு பெரியது. கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று என் பேரனின் பாதத்தை நினைத்துக்கொண்டிருந்தபோது, கடல்நண்டு விருந்துக்கு நேரமாகிறது என்று அழைத்துவிட்டார்கள்.

ஸ்காபரோவாசி:

பொறியாளர் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. ஓத அட்டவணையைப் பயணியே பார்க்க வேண்டுமென்றால், வழிகாட்டிக்கென்று இவ்வளவு கட்டணம் வாங்குவது எதற்கு? பயணத் திட்டத்தை மாற்ற முடியும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

நியூஃபவுண்ட்லாந்தில், அவலன் குடாநாட்டின் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். நானும் மனைவியும் பேசுவதைக் கேட்ட சாரதி, தேநீருக்கு நிறுத்திய இடத்தில் வந்து, நீங்கள் தமிழரா என்று கேட்டார். 1986 ஆகஸ்டில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்ட 155 ஈழத்தமிழரை இந்தக் கரை மீனவர்கள்தான் மூடுபனிக்குள் கண்டு மீட்டார்கள். சாரதி அப்போது சிறுவனாம். "அவர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா?" என்று கேட்டார். அவர்களில் சிலரை அறிவேன், பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள் என்றேன். உடனே ஒலிவாங்கியை வாங்கி, பேருந்திலிருந்த அனைவருக்கும் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார். இடையில் என்னையும் பேசச் சொன்னார். வழிகாட்டி மறுப்புச் சொல்லவில்லை. திமிங்கிலம் பார்க்கும் படகுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தோம். குழுவில் ஒருவரும் முறையிடவில்லை.