ஆறு மணிக்கூர் தாண்டிப் போச்சு: பிள்ளைக்க மூளை வீக்கம் பற்றி ஒரு கேள்வி

குலசேகரத்துக்குப் பக்கம், ரப்பர் பால்வெட்டு வேலை செய்யுதேன். மூத்த பிள்ளை, ஆண். இன்னைக்கு 19 நாள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு, பிள்ளைக்க துடிப்பு குறையுதுன்னு வாக்குவம் (தலையில கப்பு ஒட்டி இழுக்குத கருவி) வச்சு எடுத்தாவ. அழல்ல. கதவுக்கு வெளிய நின்ன எனக்கு, காத்து அமுக்குற பை சத்தம் மட்டும் கேட்டுது. காலம்பற ஏழு மணிக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு எழுதித் தந்தாவ. ரூபாய்க்கு ரெண்டு மணிக்கூர் ஓடி, திருவனந்தபுரம் எத்தும்போ பதினொண்ணு. அங்க டாக்டர் முதல்ல கேட்டதே பிறந்த நேரத்தைத்தான். "உடம்பைக் குளிர வைக்கிற சிகிச்சையை ஆறு மணிக்கூருக்குள்ள தொடங்கணும்"னு சொன்னாவ.

மறுநாள் பார்க்க விட்டப்போ கால் ரெண்டும் சைக்கிள் மிதிக்குத மாதிரி போச்சு, உதடு சப்பிச்சு. பசிக்குதுன்னு நினைச்சேன். நர்ஸ்தான் அது ஃபிட்ஸுன்னு ஓடி வந்தாவ. ஸ்கேன்ல மூளை வீங்கியிருக்குன்னு வந்துது. 15ஆம் நாள் வீட்டுக்கு விட்டாவ. ஃபிட்ஸ் மருந்து ரெண்டு நேரம், பால் பாலாடையில.

நான் ரூபாய்க்கு ஓடின நேரந்தான் பிள்ளைய இப்பிடி ஆக்கிச்சா? தூக்கம் வரல்ல. இனி வீக்கம் வத்துமா? தலையில ஒரு பக்கம் முழை இருக்கு. உருக்கெண்ணெய் போட்டு உருட்டி விட்டா சரியாவும்னு எனக்க அம்மை சொல்லுதா. செய்யலாமா?

ஓய்வுபெற்ற செவிலி, மார்த்தாண்டம்

தம்பி, பச்சிளங்குழந்தை வார்டில் 27 வருஷம் நின்னவ நான். முதல்ல அம்மைட்ட சொல்லு, உருட்டவே கூடாது. வாக்குவம் வச்ச பிள்ளைகளுக்கு எலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் நடுவுல ரத்தம் கட்டும். நீ சொல்லுத முழை பெரும்பாலும் அதுதான். மண்டைக்கு வெளிய உள்ளது, மூளை வீக்கத்தோட சேராது. சில வாரத்துல தானா வத்தும். அமுக்கவோ ஊசி குத்தவோ வேண்டாம். மஞ்சள் கூடினா மட்டும் உடனே காட்டு.

உள்ள வீக்கம் வேற. ஆக்சிஜனும் ரத்தமும் கிடைக்காம அடிபட்ட மூளைச் செல்கள் நீர் கோத்து வீங்கும். ரெண்டாம் மூணாம் நாள் கூடி, பிறகு படிப்படியா இறங்கும். 19 நாளில் அந்த வீக்கம் அடங்கியிருக்கும். எந்த இடத்துல அடி பட்டிருக்குன்னுதான் இனி பார்க்கணும். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தா படத்தைக் கேட்டு வாங்கு.

இப்ப உன் ரெண்டு மணிக்கூர். பிள்ளை பிறந்தது ரெண்டு மணி, உன்கிட்ட சொன்னது ஏழு மணி. அந்த நிமிஷமே வண்டி எடுத்திருந்தாலும் களியக்காவிளை, பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரை எத்தும் முன்னே எட்டு அடிச்சிருக்கும். அஞ்சு மணிக்கூர் உன் கையில இல்லாம போச்சு. அதை உன் தலையில ஏத்திக்காத.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் குளிர வைக்கிற சிகிச்சையில பிள்ளை உடம்பை 33-34 டிகிரியில 72 மணி நேரம் வைப்பாங்க. முதல் அடிக்குப் பிறகு சில மணி நேரங் கழிச்சு செல்கள் ரெண்டாவதா சாகும், அதைத் தடுக்கத்தான். பணக்கார நாடுகள்ல பலன் கண்ட சிகிச்சை. ஆனா இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகள்ல 408 குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வு 2021-ல் வெளியாச்சு. சாவும் ஊனமும் சேர்த்த கணக்குல குளிர்வித்ததால பலன் இல்ல, சாவு கூடுதலா இருந்துச்சு. அது கிடைச்சிருந்தா பிள்ளை தேறியிருப்பான்னு யாரும் உன்கிட்ட அடிச்சுச் சொல்ல முடியாது.

ஃபிட்ஸ் மருந்தை நீயா நிறுத்தாத. அழாம நிமிர்ந்திருக்கும்போதும் உச்சி புடைச்சு விறைப்பா நின்னா, பால் குடிக்க மறுத்தா, ராத்திரின்னு பார்க்காம கிளம்பு.

நாகர்கோவில் வாசகர்

பிரசவ ஆஸ்பத்திரியில் துடிப்புப் பதிவு உள்பட எல்லாத்துக்கும் நகல் எழுதிக் கேளுங்க. 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரணும்.

குளச்சல் பக்கத்து அம்மா

அண்ணே, எனக்க மகனுக்கும் இதே கதைதான். இப்ப ஆறு வயசு. இடது காலை இழுத்துத்தான் நடப்பான், ஆனா நடப்பான். ஸ்கூலுக்குப் போறான், கதை கேட்டா விட மாட்டான்.

நாலு மாசத்துல தலை நிக்கல்ல. இடது கைப் பெருவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. "ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் வளரும்"னு எல்லாரும் சொன்னாவ. மாமியார் மட்டும் கேக்கல்ல, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிட்டு நடந்தா. வாரத்துல ரெண்டு நாள் பஸ்ஸு ஏறினோம். வீட்டுல பாயில குப்புறப் போட்டு, முன்னால எவர்சில்வர் தம்ளரைத் தட்டுவேன், தலை தூக்க. இருபது நாள் கழிச்சு முதல் தடவை தூக்கினான், நாடி பாயைத் தொடாம.

நீங்க நாலு மாசம் காத்திருக்காதீங்க. காது, கண் பரிசோதனை இப்பவே கேளுங்க. ரெண்டு மாசத்துல உங்க முகம் பார்த்துச் சிரிக்கானான்னு பாருங்க. கிராம செவிலியர்ட்ட சொன்னா ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளைப் பரிசோதிக்குத அரசுத் திட்டம்) டாக்டர் வழியா சிகிச்சைக்குச் சீட்டு கிடைக்கும். காசு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

செவிலியம்மா, அந்த எட்டு மணிக் கணக்கை நாலு தடவை வாசிச்சேன். எனக்க பொண்டாட்டிக்கும் வாசிச்சுக் காட்டினேன். அவளும் அவ மேலதான் பழி போட்டுட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியாது. அம்மை ஒண்ணும் சொல்லாம எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டுப் போயிட்டா.

நாளைக்கு வெட்டுக்குப் போவல்ல. படம் வாங்கத் திருவனந்தபுரம் போறேன். நேத்து 20 மில்லி குடிச்சவன் இப்ப 30 குடிச்சுட்டுக் கிடக்கான்.