அப்பாவுக்கு டயாலிசிஸ், எனக்கு பாட்னா டிரான்ஸ்பர். கூட்டிட்டு போகலாமா?

கரிசக்காட்டான்:
கொஞ்சம் அவசரம் மக்களே. அப்பாவுக்கு 61 வயசு, சுகர்ல கிட்னி போயி ஒன்றரை வருஷமா டயாலிசிஸ். அரசு ஆஸ்பத்திரில காப்பீட்டு கார்டுல ஃப்ரீயா ஓடுது, செவ்வா வியாழன் சனி காலைல 6 மணி ஷிப்டு, அம்மா தான் பஸ்ல கூட்டிட்டு போறாங்க. இப்ப எனக்கு பாட்னாவுக்கு மாத்தல், குறைஞ்சது மூணு வருஷம். மெஷின் எல்லா ஊர்லயும் ஒண்ணு தானடான்னு மாமா சொல்றார். மூளைச்சாவு ஆனவங்க கிட்னிக்கு காத்திருக்கற லிஸ்ட்லயும் பேர் குடுத்திருக்கோம், அது என்னாகும்? அம்மாவுக்கும் சுகர், அதனால அவங்க குடுக்க முடியாது.

டெக்னீசியன் தம்பி:
11 வருஷமா இதே வேலைதான் பாக்குறேன். மாமா சொல்ற மாதிரி மெஷின் ஒண்ணுதான், அதைச் சுத்தி இருக்கறதுதான் ஊருக்கு ஊர் மாறும். 2016ல மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டம் கொண்டு வந்தப்புறம் பீகார்லயும் மாவட்ட ஆஸ்பத்திரில போடுறாங்க, ஆனா உங்க முதலமைச்சர் காப்பீட்டு கார்டை நம்பி அங்க போகாதீங்க, அங்க ஃப்ரீயா காசான்னு முதல்ல கேளுங்க. சீட் உறுதி ஆகாம டிக்கெட் போடவே போடாதீங்க, சீட் இல்லன்னு வாரத்துக்கு மூணு தடவைய ரெண்டாக்கினா மூச்சு வாங்கி நிப்பாரு. ஹெபடைட்டிஸ், ஹெச்ஐவி ரிப்போர்ட் புதுசா எடுத்து வைங்க, அதப் பாக்காம யாரும் மெஷின் குடுக்க மாட்டாங்க. டிரை வெயிட் (மிச்சத் தண்ணி எல்லாம் எடுத்தப்புறம் இருக்க வேண்டிய எடை), ரத்தம் உறையாம இருக்க போடுற ஹெபாரின் அளவு ரெண்டையும் எழுதி வாங்கிக்கோங்க. ரயில்ல ரெண்டு நாள், அதனால காலைல டயாலிசிஸ் முடிச்சு அன்னைக்கே ஏறணும், வழில இளநி, வாழைப்பழம் கண்ணுல காட்டாதீங்க.

திண்டுக்கல் அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கு மூளைச்சாவு கிட்னிதான் வச்சது, அதனால லிஸ்ட் பத்தி மட்டும் சொல்றேன் தம்பி. ராத்திரி 11 மணிக்கு போன், உடனே மதுரைக்கு வாங்கன்னாங்க, முதல் தடவை போயி ரத்தம் குடுத்து விடிய விடிய உக்காந்து கடைசில இன்னொருத்தருக்கு பொருந்திருச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டாவது தடவைதான் கிடைச்சுது. பாட்னால இருந்துகிட்டு அப்படி ஓடி வர முடியுமா? 2023லேர்ந்து எந்த மாநிலத்துக்காரங்களும் எங்க வேணா பதியலாம்னு ஆக்கிட்டாங்க, ஆனா பதியறது வேற, கிட்னி வர்றது வேற. அந்த வருஷம் நாடு பூரா மூளைச்சாவு தானம் 1,099, அதுல தெலங்கானா 252, தமிழ்நாடும் கர்நாடகாவும் ஆளுக்கு 178. வடக்க பாதி மாநிலத்துல விரல் விட்டு எண்ணிடலாம். மனசு இல்லாததால இல்ல, மூளைச்சாவுன்னு முறையா அறிவிக்க டாக்டருங்க, ஐசியு, வீட்டாள்கிட்ட பொறுமையா பேச ஒரு கோஆர்டினேட்டர் எல்லாம் வேணும். இங்க 2008ல திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி மகனோட உறுப்பைக் குடுத்தப்புறம்தான் ஜனங்களே பேச ஆரம்பிச்சாங்க.

பாட்னா பழனி:
6 வருஷமா இங்கதான் இருக்கேன், ரொம்ப பயமுறுத்தாதீங்க. இங்க ஐஜிஐஎம்எஸ்ங்கற அரசு ஆஸ்பத்திரில கிட்னி மாற்று ஆபரேஷனே நடக்குது. ஆனா பெரும்பாலும் சொந்தக்காரங்க குடுக்கறதுதான், அக்கா சொல்ற லிஸ்ட் கதை வேற. இன்னொண்ணு, அம்மாவுக்கு ஹிந்தி வராதுன்னா டயாலிசிஸ் நடுவுல பிபி இறங்கும்போது யார்கிட்ட என்னன்னு சொல்வாங்க?

ராஜபாளையம்:
மெஷின் இல்லாம, பைல வர்ற மருந்துத் தண்ணியை வீட்டுலயே வயித்துக்குள்ள விட்டு வெளிய எடுக்கற டயாலிசிஸ் பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா? எங்க அம்மாவுக்கு அதுதான், ஒரு நாளைக்கு மூணு தடவை, மக்களைத் தேடி மருத்துவத்துல பை வீட்டுக்கே வருது. பஸ் அலைச்சல் மிச்சம். கை சுத்தம் மட்டும் முக்கியம், வெளிய வர்ற தண்ணி கலங்கலா இருந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், நாங்க ஒரு தடவை காலைல பாத்துக்கலாம்னு விட்டு பட்டுட்டோம்.

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. பை விஷயம் இந்த வாரம் கேக்குறேன். அக்கா, நீங்க சொன்ன போன் கதையை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அப்பவே எந்திரிச்சு அப்பா போனுக்கு சார்ஜ் போட்டாங்க. அப்பா என்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல, ஆனா சனிக்கிழமை ஷிப்டுல பக்கத்து பெட்காரர்கிட்ட "பையன்தான் போறான், நான் இங்கதான்"னு சொல்லிட்டாராம்.