இரவில் காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னால் மறுக்கலாமா?

கேட்டவர்: தெற்குவாசல்

நெல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் மைத்துனனும் காரில் சென்னை திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்றரை இருக்கும், எல்லை தாண்டியதும் ஒரு சோதனைச்சாவடியில் கை காட்டினார்கள். ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் காட்டினேன், சரி என்றார்கள். அப்புறம் ஒரு கான்ஸ்டபிள் "டிக்கியைத் திறங்க, கஞ்சா செக்கிங்" என்றார். திறந்தேன். பைகளைக் கலைத்தார், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார், மைத்துனன் சட்டைப்பையைத் தடவிவிட்டு அவன் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னார். மனைவியின் கைப்பையையும் வாங்கிக் கவிழ்த்தார், அங்கே பெண் போலீஸ் யாரும் இல்லை. ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் அவர்களுக்கு அதிகாரம் உண்டா? நான் மறுத்திருந்தால்?

பதில்: மணி_திருவள்ளூர்

வாரண்ட் இல்லாமல் வண்டியைத் தொடவே முடியாது சார். அடுத்த முறை வாரண்ட் எங்கே என்று கேளுங்கள்.

பதில்: கோர்ட்வளாகம்

மணி சொல்வதை நம்பி யாரும் நடுச்சாலையில் மல்லுக்கு நிற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி அவர்கள் பார்க்க முடிவது ஆவணங்களை. டிக்கிக்கு 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டம்தான் (என்.டி.பி.எஸ்.) வழி. அதன் 49-வது பிரிவு, சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது, வாரண்ட் தேவையில்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி. "இந்த ரூட்டில் கஞ்சா வருகிறது" என்று பொதுவாகச் சொல்வது உங்கள் வண்டியைப் பற்றிய காரணமே இல்லை.

அடுத்தது எழுத்து வேலை, வழக்குகள் நிற்பதும் விழுவதும் இங்கேதான். கட்டடம், வண்டி, மூடிய இடம் ஆகியவற்றை வாரண்ட் இல்லாமல் சோதிப்பதற்கான 42-வது பிரிவில் வந்தால், கிடைத்த தகவலை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும், சூரியன் மறைந்த பிறகு என்றால் வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லை என்றும் எழுத வேண்டும். பொது இடத்துக்கான 43-வது பிரிவில் இந்தத் தொல்லை கிடையாது, அதனால் சாலையில் பிடித்தாலே போலீஸ் 43 என்பார்கள். 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் ஜீப் பொது வாகனம் ஆகாது, 42 தான் பொருந்தும் என்று சொல்லி விடுதலை செய்தது. எல்லா வண்டிக்கும் இதே பதில் வரும் என்று நினைக்க வேண்டாம், நெடுஞ்சாலையில் பிடிபட்ட டேங்கருக்கு 43 என்ற தீர்ப்பும் உண்டு.

மைத்துனன் சட்டைப்பை வேறு விஷயம். அது உடல் சோதனை, 50-வது பிரிவு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று அவனிடம் முதலில் சொல்லியாக வேண்டும். பல்தேவ் சிங் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இதைச் சொன்னது. பைக்கும் வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, இதைத்தான் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். பெண்ணின் உடலைப் பெண் மட்டுமே சோதிக்கலாம், கைப்பை அந்தக் கணக்கில் வராது. எனக்கும் அது நியாயமாகத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னது அப்பட்டமான அத்துமீறல். 2021-இல் ஹைதராபாத்தில் இதே மாதிரி போன் பார்த்த வீடியோ வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. திறக்காதீர்கள்.

மறுப்பதைப் பற்றி: கையால் தடுத்தால் பணியைத் தடுத்ததாகத் தனி வழக்கு வரும். "எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கவில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள், பெயரும் பதவியும் கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-வது பிரிவுப்படி சோதனையை வீடியோ எடுக்க வேண்டியது அவர்கள் கடமை, அதையும் கேளுங்கள்.

பதில்: ஸ்டியரிங்

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். எங்களுக்கு வண்டி போய்விடும் என்பதுதான் பயம். தெரிந்தவர் கொடுக்கும் பார்சலைக்கூட நான் பிரித்துப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீன் குதிரைக்கொம்பு. பாவம், டிரைவருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

பதில்: கோர்ட்வளாகம்

உண்மைதான் அண்ணே. ஆனால் 60-வது பிரிவில், தனக்கோ டிரைவருக்கோ தெரியாமல் நடந்தது, தேவையான எச்சரிக்கை எடுத்திருந்தோம் என்று உரிமையாளர் நிரூபித்தால் பறிமுதல் கிடையாது. அஸ்ஸாம் லாரி வழக்கில் (பிஸ்வஜித் தே, 2025), வழக்கு முடியும் முன்பே வண்டியை இடைக்காலமாக விடச் சட்டம் தடை சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம், பயத்தில் எதையாவது ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு (2020) தீர்ப்புப்படி, இந்தச் சட்டத்தில் விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் ஒப்புதல் சாட்சியமாகாது.

தெற்குவாசல்

நன்றி சார். கைப்பையும் போனும்தான் இன்னும் உறுத்துகிறது. புகார் கொடுத்தால் எடுபடுமா?

கோர்ட்வளாகம்

கொடுங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தேதி, நேரம், வண்டி எண்ணோடு அனுப்புங்கள். காரணமில்லாத சோதனைக்கு 58-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சாவடி கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள், நாள் கடந்தால் அதன் மேலேயே புதிது பதிவாகிவிடும்.