சேத்துப்பட்டு வீடு (குடும்பக் குழு): யாழினியின் கருத்தரங்குக் கேள்வி

யாழினி, மாலை 5:48
பெரியப்பா, வியாழக்கிழமை கல்லூரியில் கருத்தரங்கு. ஆயுதம் ஏந்திய இடதுசாரி இயக்கம் ஒன்று புதிதாகப் பதவிக்கு வந்த அரசிடம் என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்று பேச வேண்டும். நான் 2004 ஆந்திரத்தை எடுத்துக்கொண்டேன். நீங்கள் அப்போது ஐதராபாத்தில்தானே இருந்தீர்கள்?

அம்மா, 5:50
ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன் என்றாயே, அதற்கு என்ன ஆயிற்று?

யாழினி, 5:50
நூலகத்தில் இருக்கிறேன் அம்மா. ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.

பெரியப்பா, 5:57
இருந்தேன். வங்கியின் அபிட்ஸ் கிளையில் வேலை. செப்டம்பர் 30 அன்று நிஜாம் கல்லூரி மைதானத்தில் ஆயுதம் ஏந்திய நக்சலைட்டுக் கட்சியான மக்கள் யுத்தக் கட்சி பொதுக்கூட்டம் போட்டது. பஷீர்பாக் பக்கம் ஒரே சிவப்புக் கொடி. ஜூலை மாதம் வரை தடை செய்யப்பட்டிருந்த கட்சி அது. துண்டறிக்கை கையில் இருந்தால் வழக்கு. இரண்டே மாதத்தில் நகரத்தின் நடுவில் ஒலிபெருக்கி கட்டிப் பேசினார்கள்.

பிரபு, 5:59
அன்று என் பள்ளி வேன் வரவில்லை. அதனால் அந்தக் கட்சியின் மீது எனக்குச் சிறிது காலம் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அத்தை, 6:02
அண்ணா, கதையை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். யாழினி, முந்தைய ஆண்டு அலிபிரியைக் குறித்துக்கொள். 2003 அக்டோபர் 1, திருப்பதி மலைப்பாதை அடிவாரத்தில் அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் காருக்கு நக்சலைட்டுகள் கண்ணிவெடி வைத்தார்கள். உயிர் பிழைத்தார். அந்த அனுதாபத்தை நம்பி முன்கூட்டியே தேர்தலுக்குப் போனார், தோற்றார். நக்சலைட்டுகளோடு பேசுவோம் என்று சொல்லி வாக்குக் கேட்ட காங்கிரஸ் வென்றது. 2004 மே 14 அன்று ராஜசேகர ரெட்டி முதலமைச்சராகப் பதவியேற்றார்.

யாழினி, 6:04
அந்தத் தடை நீங்கியது எப்படி? ரத்துச் செய்தார்களா?

பெரியப்பா, 6:08
இல்லை. ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்த தடையை அந்த ஜூலையில் நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். அரசாங்கத்துக்குப் பிடித்த வழி அதுதான். கையெழுத்துப் போட்டு ஒன்றைச் செய்தால் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாமல் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வங்கியிலும் பார்த்திருக்கிறேன்.

யாழினி, 6:10
கோரிக்கைகள் 11 என்று படித்தேன். எல்லாவற்றையும் சொன்னால் நேரம் போதாது.

பெரியப்பா, 6:19
எல்லாவற்றையும் சொல்லாதே. உலக வங்கி சொல்லும் கொள்கைகளைக் கைவிட வேண்டும், தனித் தெலங்கானா வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவற்றை ஹைதராபாத் அரசு நினைத்தாலும் தனியாகக் கொடுக்க முடியாது. அக்டோபர் 15 முதல் 18 வரை மஞ்சீரா விருந்தினர் மாளிகையில் நான்கு நாள் பேசினார்கள். அரசுத் தரப்பில் உள்துறை அமைச்சர் ஜானா ரெட்டி, எதிர்த்தரப்பில் ராமகிருஷ்ணா என்கிற ஆர்.கே. ஜனசக்தி என்ற இன்னொரு நக்சலைட்டுக் குழுவின் சார்பில் அமர், ரியாஸ். மொத்த நேரமும் இரண்டு விஷயங்களிலேயே போயிற்று. ஒன்று போர்நிறுத்தமும் ஜனநாயக உரிமைகளும், மற்றொன்று நிலம்.

நிலத்தைப் பிடித்துக்கொள். உன் பேச்சே அதுதான். அவர்கள் கேட்ட உபரி நிலம் மாவோ புத்தகத்திலிருந்து வந்ததில்லை. 1973-இல் ஆந்திர சட்டமன்றமே உச்சவரம்புச் சட்டம் போட்டிருந்தது. நன்செய் என்றால் 10 முதல் 27 ஏக்கர், புன்செய் என்றால் 35 முதல் 54 ஏக்கர், அதற்கு மேல் ஒரு குடும்பம் வைத்திருக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளாக அந்தச் சட்டத்தைப் பினாமி பெயரில் புதைத்து வைத்திருந்தார்கள். உன் சட்டத்தை நீயே நிறைவேற்று என்று கேட்பதற்குக் காட்டிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இதைவிட வெட்கக்கேடு ஓர் அரசுக்கு என்ன இருக்கிறது?

அத்தை, 6:22
இங்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 1961-இல் 30 ஏக்கர், 1970-இல் 15 ஏக்கர் என்று நாமும் சட்டம் போட்டோம். தஞ்சாவூரில் எத்தனை ஏக்கர் நாய்க்குட்டியின் பெயரிலும் கோயில் பெயரிலும் போயிற்று என்று எங்கள் எல்ஐசி சங்கத்தில் பேசாத கூட்டம் இல்லை. கீழவெண்மணியில் 44 பேரை எரித்தது 1968-இல். அதற்குப் பிறகும் இந்த நிலைமை.

பிரபு, 6:26
அத்தை, நிலம் நியாயம்தான். அப்பா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். பேச்சு முறிந்தது நிலத்தில் இல்லை, துப்பாக்கியில். ஊருக்குள் ஆயுதத்தோடு வரக் கூடாது என்று அரசு சொன்னது. அதை ஏற்க மாட்டோம் என்றார்கள். அக்டோபர் 14 அன்று, அதாவது பேச்சுக்கு முந்தைய நாள், மக்கள் யுத்தமும் பீகார் பக்கத்து ஆயுதக் குழுவான எம்சிசியும் (மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையம்) இணைந்து மாவோயிஸ்ட் கட்சி ஆகிவிட்டோம் என்று அறிவித்தார்கள். நாளைக்குச் சமாதானம் பேச வருபவர் இன்றைக்குப் படையைப் பெருக்கிக்கொண்டதாக அறிவித்தால் எதிரே உட்காருபவன் என்ன நினைப்பான்?

அத்தை, 6:29
எதிரே உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பேச்சு நடந்த போதே காடுகளில் தேடுதல் வேட்டை நிற்கவில்லை என்று மனித உரிமைக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2005 ஜனவரியில் என்கவுன்டர்கள் மறுபடி ஆரம்பித்தன. அந்த மாத நடுவில் மாவோயிஸ்டுகள் பேச்சிலிருந்து விலகினார்கள். மேசைக்கு வந்த ரியாஸ் ஜூலையில் கொல்லப்பட்டார். பேச வந்தவனையே கொன்றால் அடுத்தவன் வருவானா?

பிரபு, 6:31
ஆகஸ்ட் 15 அன்று நாராயண்பேட்டையில் சுதந்திர தின நிகழ்ச்சியில் எம்எல்ஏ நர்சி ரெட்டியையும் அவர் மகனையும் சுட்டுக் கொன்றார்களே, அது எந்தக் கோரிக்கையில் வருகிறது? இரண்டே நாளில் தடை திரும்பி வந்தது.

அம்மா, 6:33
எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். மாமா, இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?

பெரியப்பா, 6:34
போட்டுக்கொண்டேன் அம்மா. நான் அமைதியாகத்தான் இருக்கிறேன். சண்டை போடுகிறவர்கள் அந்த இருவர்.

பெரியப்பா, 6:43
பிரபு சொல்வதும் உண்மை, தங்கை சொல்வதும் உண்மை. யாழினி, இரண்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டு ‘இரு தரப்பிலும் தவறு’ என்று முடித்தால் ஆசிரியர் மதிப்பெண் போடுவார், நான் போட மாட்டேன். துப்பாக்கி பற்றிய பேச்சு முறிந்ததால் நிலம் பற்றிய பேச்சும் முறிய வேண்டும் என்று யார் சொன்னது? அரசுக்கு நிலத்தைக் கொடுக்க ஆர்.கே.யின் சம்மதம் தேவையில்லையே. பிறகு அரசே கோனேரு ரங்காராவ் தலைமையில் நிலக் குழு அமைத்தது. அந்தக் குழு 100-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் எழுதியது. காட்டில் இருந்தவர்கள் சொன்னதில் பாதி, அலுவலக மொழியில் அங்கே இருந்தது.

யாழினி, 6:45
அப்படியானால் அந்தக் கோரிக்கை வென்றது என்று சொல்லலாமா?

பெரியப்பா, 6:47
அறிக்கை எழுதப்பட்டது என்று சொல். வென்றது என்று சொல்லாதே.

அத்தை, 6:51
அண்ணா, சங்கரனை மறந்துவிட்டீர்களே. எஸ்.ஆர்.சங்கரன், நம் தஞ்சாவூர்க்காரர், ஆந்திரத்தில் ஐஏஎஸ். கொத்தடிமை மீட்பில் பெயர் வாங்கியவர். 1987-இல் கிழக்கு கோதாவரிக் காட்டில் குர்தேடு என்னும் இடத்தில் மக்கள் யுத்தக் குழுவே அவரையும் வேறு சில அதிகாரிகளையும் கடத்திச் சென்றது. சிறையிலிருந்த தோழர்களை விட்ட பிறகு விடுவித்தார்கள். ஓய்வு பெற்றதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? கடத்தியவர்களையும் அரசையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக் குழு அமைத்து ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2004 பேச்சு அவர் இல்லாமல் நடந்திருக்காது.

யாழினி, 6:53
அத்தை, இதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. பேச்சின் நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

பிரபு, 6:58
நேபாளத்தையும் ஓர் ஓரத்தில் வை. 1996 பிப்ரவரி 4 அன்று மாவோயிஸ்ட் தலைவர் பாபுராம் பட்டராய் பிரதமர் தேவுபாவிடம் 40 கோரிக்கைகளைக் கொடுத்து 17-ஆம் தேதி வரை கெடு வைத்தார். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போதே, 13 அன்று, போரைத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் மன்னரின் சலுகைகளை ஒழிக்க வேண்டும், மதச்சார்பற்ற நாடாக அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2008-இல் முடியாட்சியே போயிற்று. 2011-இல் பட்டராயே பிரதமர். எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை; ஆனாலும் ஆந்திரத்தோடு ஒப்பிட்டால் கேள்வி கூர்மையாகும்.

அத்தை, 6:59
அவர் பிரதமரான பிறகு நிலம் யாருக்குப் போயிற்று என்றும் சேர்த்துக் கேள்.

பிரபு, 7:00
பாருங்கள், இப்போது அத்தையும் என் பக்கம்.

அத்தை, 7:00
உன் பக்கம் இல்லை, நிலத்தின் பக்கம்.

யாழினி, 7:04
பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெரியப்பா, ஆர்.கே. என்ன ஆனார்?

பெரியப்பா, 7:09
2021 அக்டோபரில் பஸ்தர் காட்டில் நோயில் இறந்தார். போலீஸ் பல முறை கொன்றுவிட்டோம் என்று நினைத்த மனிதர். நீ அவரைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவழிக்காதே. ‘1973 சட்டப்படி உபரியாக அறிவித்த நிலத்தில் எவ்வளவு உழுபவனுக்குப் போயிற்று’ என்ற கேள்வியை முதல் வரியில் வை. கோரிக்கைப் பட்டியலை இரண்டாவதாகக் காட்டு. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அந்த அறையில் இருந்தால் என்னிடம் அறிமுகப்படுத்து.

அம்மா, 7:10
புரசைவாக்கத்தில் இறங்கும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கி வா. பேச்சை வீட்டில் வந்து எழுது.