வியாபாரி தராசையே எடுக்கல (ஏற்றுமதி விலையால அடிபட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க)

பாம்பன் பையன்:
2025 ஆகஸ்ட் கடைசி, நம்ம நாட்டு சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆன அதே வாரம். அப்பா ராத்திரி பூரா கடல்ல கெடந்து விடியக்காலைல நண்டு வலையோட கரைக்கு வந்தாரு, அம்மாவும் சித்தியும் உக்காந்து வலையில இருந்து கால் ஒடியாம ஒவ்வொண்ணா கழட்டிட்டு இருக்காங்க, வியாபாரி வந்தவரு தராசை எடுக்கவே இல்ல, போனை அப்பாகிட்ட நீட்டுறாரு. கம்பெனில இருந்து வாய்ஸ் மெசேஜ், இன்னைக்கு இதான் ரேட்டுன்னு. முந்தின நாளைவிட கிலோவுக்கு 100 ரூபா கம்மி. அப்பா ரெண்டு தடவை போட்டுக் கேட்டாரு, அப்பறம் ஒண்ணும் பேசாம கூடையை அவரு பக்கம் தள்ளி விட்டாரு. நம்ம நண்டு சதை டப்பால அடைச்சு பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போகுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு.

தொண்டி_இறால்:
தம்பி, இந்த வரி வர்றதுக்கு முன்னாடியே நமக்கு அடி விழுந்தாச்சு. இழுவலைல ஆமை தப்பிக்கிற கருவி இல்லன்னு சொல்லி கடல் இறாலை அமெரிக்கா பல வருசமா வாங்குறதே இல்ல. போறது பூரா பண்ணை இறால். வரியை மட்டும் பேசுனா பாதிதான்.

முதுகுளத்தூர் முண்டு:
ரெண்டு பேரும் வெளிநாட்டையே சொல்றீங்க, நம்ம பக்கத்து தப்பையும் பேசணும். 2023ல முண்டு மிளகாய்க்கு புவிசார் குறியீடு கெடச்சப்ப எங்க ஊரே சந்தோசப்பட்டுச்சு. அடுத்த அறுவடைல வாங்க வந்தவரு எங்க சாக்குல இருந்து ஒரு வத்தலை எடுத்து ரெண்டா பிச்சாரு, விதையோரம் கருப்பா பூசணம். வாசத்தக்கூட பாக்கல, கீழ போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. தயவுசெஞ்சு கேளுங்க, மிளகாய்ப் பழத்தை வெறுந்தரைல காய வைக்காதீங்க, தார்ப்பாயாவது விரிங்க, சாயங்காலம் குவிச்சு மூடிருங்க, பனி எறங்கக் கூடாது, ஈரத்தோட சாக்கு கட்டுனா உள்ள வேகும், பூசணம் வந்தா ஆஃப்ளாடாக்சின் (பூசணத்துல உண்டாகுற நஞ்சு) டெஸ்ட்ல சரக்கு நிக்காது, ஐரோப்பாக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிருவான். பூச்சி மருந்தும் அப்படித்தான், பறிக்கிறதுக்கு முந்தின வாரம் அடிக்காதீங்க. சொத்தையை தனியா பொறுக்குங்க, கலந்து விக்க பாத்தா மொத்த சாக்குக்கும் சொத்தை ரேட்டுதான்.

மண்டபம் அக்கா:
பெப்சி பாசி, அதான் பெப்சி கம்பெனி மூலமா நம்ம பக்கம் வளக்க ஆரம்பிச்ச கடல்பாசி, ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? மூங்கில் மிதவைல கட்டி விட்டா 45 நாள்ல அறுத்துரலாம், காய வச்சு குடுத்தா போதும், எங்க குழுல எல்லாரும் மொத தடவையா சொந்தக் காசுல புள்ளைங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுனோம். அப்பறம் ஒரு கோடைல தண்ணி கொதிச்சுப் போச்சு. மிதவையை தூக்குறேன், பாசி வெள்ளை வெள்ளையா வெளுத்து கையிலயே கழண்டு வருது. தொட்டா கூழு. வெளிநாட்டுல வாங்க ஆள் இருந்துச்சு, அனுப்ப எங்ககிட்ட சரக்கு இல்ல. அந்த வழவழப்பு இன்னும் என் கையில இருக்கு தம்பி.

பாம்பன் பையன்:
முதுகுளத்தூர் அண்ணே, நீங்க சொல்றது மிளகாய்க்கு சரி, நல்லா காஞ்சா ரேட்டு ஏறுற வரைக்கும் வீட்டுலயே வச்சிருக்கலாம். நண்டை என்ன பண்றது? வெயில் ஏறுறதுக்குள்ள ஐஸ்ல போடணும், ஐஸுக்கும் காசு, டீசல் கடனும் அதே வியாபாரிகிட்டதான். அதான் அப்பா கூடையை தள்ளி விட்டாரு.